மழை நாளில் மதுரையிலிருந்து தென்மலை வரை: முதல்முறை காரில் கிளம்புகிறவர்களுக்கு

மதுரையில் இருட்டோடு கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று சின்னச் சின்ன ஊர்கள் வழியாகப் போய், புளியரையில் மலையேறி, ஆரியங்காவு தாண்டித் தென்மலையில் மதியச் சாப்பாடு. பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கித் தென்காசியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஊர் திரும்புவது. தென் தமிழ்நாட்டில் மழையோடு கூடவே காரில் போக எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாதை இல்லை. பெரும்பகுதி ஒரே தேசிய நெடுஞ்சாலைதான், 744ஆம் எண். திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லம் வரை போகிறது.

ஆனால் கிளம்புவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. நாங்கள் முதலில் வாடகை வண்டியில் போனபோது, கேரளத்துக்குத் தாராளமாகப் போகலாம் என்று வண்டி கொடுத்தவர் சொல்லியிருந்தார். எல்லையில்தான் அந்த வண்டிக்கு அதற்கான பர்மிட்டே இல்லை என்று தெரிந்தது. மழையில், குழந்தைகளோடு, பாதி நாள் அங்கேயே போனது. அப்புறம் விசாரித்தும் போய்வந்தும் சேர்த்ததை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மாநிலம் தாண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர்களும், மழையில் நீண்ட தூரம் ஓட்டாதவர்களும் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

1. எந்த மழையில் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் பாதைக்கு இரண்டு மழைக்காலம் உண்டு. இரண்டும் வேறு வேறு பயணம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கேரளப் பக்கம் கொட்டுகிற மழை, ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றோடு சாரலாகத் தென்காசிப் பக்கம் வந்து விழும். குற்றால சீசன் என்பது இதுதான். ராஜபாளையம் வரை வெயில்கூட அடிக்கும். கடையநல்லூர் தாண்டினால் காற்று மாறும். செங்கோட்டையில் தூறல், மாநில எல்லையான கோட்டைவாசல் தாண்டினால் அடைமழை. நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் இத்தனையும் மாறுவதைப் பார்ப்பதற்காகவே போகலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பருவத்தைத்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இதில் மலையைவிடச் சமவெளியில்தான் சிக்கல். கண்மாய்கள் மறுகால் பாயும், தரைப்பாலங்களில் தண்ணீர் ஏறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்தது இந்தப் பருவத்து மழைதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. போதாததற்கு, நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலை வண்டிகள் இதே சாலையில்தான் போகும். முதல் பயணத்துக்கு இந்த மாதங்கள் வேண்டாம்.

கிழமையும் முக்கியம். சீசனில் சனி, ஞாயிறு குற்றாலத்துக்குள் கார் நுழைவதே பெரும்பாடு. செவ்வாய், புதன், வியாழன் என்று ஏதாவது ஒரு நாளில் லீவு போட முடிந்தால் போடுங்கள்.

2. எந்த மாவட்டத்து எச்சரிக்கையைப் பார்ப்பது?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. தென்காசிக்குப் போகிறோம் என்று தென்காசி மாவட்ட வானிலையை மட்டும் பார்ப்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது கொல்லம் மாவட்டத்து எச்சரிக்கை. ஏறப்போகிற மலைப்பாதையின் மறுசரிவு அங்கேதான் இருக்கிறது. குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைக்கு மேலே பெய்த மழை அருவியில் வந்து இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. அப்படி வரும் தண்ணீர் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அருவியில் நிற்கும்போது போலீஸ் விசில் ஊதினால், தலையில் எண்ணெய் இருந்தாலும் சரி, அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவத்தில் போவதாக இருந்தால் விருதுநகர், தென்காசி இரண்டையும் பாருங்கள்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் நிறக் குறியீட்டை இப்படி வைத்துக்கொள்ளலாம். பச்சை, மஞ்சள் என்றால் கிளம்பலாம். ஆரஞ்சு என்றால் மலையேறாமல் செங்கோட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிவப்பு என்றால் தேதியையே மாற்றுங்கள். கனமழை என்று அவர்கள் சொல்வது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை, மிகக் கனமழை 204.4 வரை, அதற்கு மேல் அதி கனமழை. டிஎன் அலர்ட் என்ற தமிழக அரசின் செயலியும், இடி மின்னலுக்கான தாமினி செயலியும் போனில் இருக்கட்டும். முந்தின நாள் இரவு ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை, செங்கோட்டையில் டீ குடிக்கும்போது ஒருமுறை பாருங்கள். மூன்றாவது முறை பார்ப்பதுதான் முக்கியமானது.

3. காகிதங்கள்

சொந்தக் காருக்கு நான்கு: ஓட்டுநர் உரிமம், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. வெள்ளை நம்பர் பலகை வைத்த சொந்தக் கார் கேரளத்துக்குள் சுற்றிப்பார்க்கப் போக தனி பர்மிட்டோ வரியோ கிடையாது. நீலகிரி, கொடைக்கானல் போல இந்தப் பாதைக்கு இ-பாஸும் இல்லை. இதைக் கேட்டுக்கொண்டு இடைத்தரகர் யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகள் இரண்டிலும் இருக்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமமாகச் செல்லும். ஆனால் கைப்பேசியில் எடுத்து வைத்த போட்டோவோ வாட்ஸாப்பில் வந்த பிடிஎஃப்போ செல்லாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் சோதனையில் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். காட்டுப் பகுதியில் சிக்னல் வராது என்பதால், அசல் உரிமத்தையும் ஆர்சி அட்டையையும் கையில் வைத்துக்கொள்வதே நல்லது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டில் வையுங்கள். மழையில் நனைந்த காகிதத்தை நீட்டுவதும் நீட்டாததும் ஒன்றுதான்.

புகைச் சான்றில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் தேவையில்லை. அதன் பிறகு பிஎஸ் 4, பிஎஸ் 6 கார்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். வண்டி வாங்கி ஒன்றரை வருடம் ஆகியும் ஒருமுறைகூட எடுக்கவில்லை என்றால் உங்களிடம் செல்லுபடியாகும் சான்று இல்லை என்று அர்த்தம். கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்ரோல் பங்கிலேயே எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல்முறை அபராதம் 2,000 ரூபாய், உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000.

வண்டி அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவருடைய ஆதார் நகல் ஒன்று இருக்கட்டும். அன்றைக்கு அவர் போனை எடுக்கும்படி சொல்லி வையுங்கள். லாட்ஜில் தங்க, வரும் பெரியவர்கள் எல்லாரும் ஆதார் போல ஓர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். எல்எல்ஆர் மட்டும் வைத்திருப்பவர் கையில் இந்த மலைப்பாதையில் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை. ஆர்சியோடு இணைந்திருக்கும் மொபைல் எண் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று பாருங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமராக்கள் அபராதம் போட்டு வருகின்றன. முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றாலும் படம் பிடித்துவிடும். யாரும் நிறுத்த மாட்டார்கள், செய்திதான் வரும்.

4. வாடகை வண்டி என்றால் பலகையின் நிறத்தைப் பாருங்கள்

சொந்தக் காரில் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

மஞ்சள் பலகை என்றால் டாக்சி. மாநிலம் தாண்ட அதற்குப் பர்மிட் வேண்டும். ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கிறதா, இன்னும் எத்தனை நாள் செல்லும் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள். "பார்டர்ல கட்டிக்கலாம் சார்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பர்மிட்டுக்கு ஆன்லைனில் கட்டிய ரசீதைக் கிளம்பும் முன்பே வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த வினையே இந்த ஒரு ரசீது இல்லாததால்தான்.

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டும் வாடகை வண்டி. இதற்கும் அதே கேள்வி. கூடவே ஒப்பந்தத்தில் கேரளம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் மாநிலம் தாண்டினால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளும். வண்டியில் ஜிபிஎஸ் இருப்பதால் நாம் சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும், டயர்களும், ஸ்டெப்னியும், உள்ளே மிதியடியும் தெரியும்படி வீடியோ எடுத்துவிடுங்கள்.

வெள்ளைப் பலகை வண்டியைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுப்பது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது, விலையும் குறைவு. வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு விட்டது தெரிந்தால், விபத்தின்போது இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். மழைப் பயணத்தில் அந்த ஆபத்தைச் சுமக்காதீர்கள்.

5. வண்டியை மழைக்குத் தயார் செய்வது

சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதில்லை. நீங்களே பார்க்கலாம்.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடு போல ரப்பர் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்திருந்தால் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். சட்டத்துக்கு அது போதும்தான், மழை ரோட்டுக்கு அதைப் போல இரண்டு மடங்காவது ஆழம் இருக்கட்டும். காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு அடியுங்கள். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்று சிலர் சொல்வார்கள், தார் ரோட்டில் அது தவறு. ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள்.

வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து போயிருக்கும். கண்ணாடியில் கோடு கோடாக விட்டால் மாற்றிவிடுங்கள். இரண்டும் சேர்த்து 500 முதல் 1,000 ரூபாய்க்குள் வரும். இந்தப் பயணத்துக்குச் செய்கிற செலவிலேயே நல்ல செலவு இதுதான். கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்தால் ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டாம்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து இன்ஜின் புரொடெக்ட் என்ற சேர்க்கை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முழு இன்சூரன்ஸில், தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் அதற்குப் பணம் கிடைப்பது கடினம். பெரும்பாலும் புதுப்பிக்கும்போதுதான் இதைச் சேர்க்க முடியும் என்பதால், இல்லாதவர்கள் தண்ணீர் தேங்கிய இடங்களில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாலையோர உதவி எண் பாலிசியிலேயே இருக்கும், அதைப் போனில் சேமியுங்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை: டார்ச், இழுக்கும் கயிறு, இரண்டு குடை, ஆளுக்கு ஒரு துண்டும் மாற்றுத் துணியும், நனைந்ததைப் போட ஒரு கட்டைப்பை, பழைய செய்தித்தாள். வண்டிக்குள் மிதியடி மேல் செய்தித்தாளைப் போட்டு, நனைந்ததும் மாற்றிக்கொண்டே போகலாம்.

6. எவ்வளவு ஆகும்?

போகவர, ஊருக்குள் சுற்ற என்று சுமார் 400 முதல் 420 கிலோமீட்டர் வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் என்றால் 28 லிட்டர், கிட்டத்தட்ட 3,000 ரூபாய். கேரளத்தில் பெட்ரோல், டீசல் இரண்டுமே நம்மைவிட லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். தென்காசியிலோ செங்கோட்டையிலோ டேங்கை நிரப்பிவிட்டு மலையேறுங்கள்.

தங்குமிடம்தான் ஏறி இறங்கும். தென்காசியில் சீசன் வார நாளில் நல்ல ஏசி அறை 1,500 முதல் 2,500 வரை கிடைக்கும். அதே அறை சனிக்கிழமை இரண்டு மடங்கு ஆகலாம். குற்றாலத்துக்குள் இன்னும் அதிகம். அருவிப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்று இல்லாவிட்டால் தென்காசியிலேயே தங்குங்கள், ஐந்தே கிலோமீட்டர்தான். முன்பதிவு செய்யும்போது கார் நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள்.

டாக்சி என்றால் கிலோமீட்டர் கணக்கு வண்டியின் ஷெட்டிலிருந்து ஷெட் வரை. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கும், டிரைவர் பேட்டாவும், சில இடங்களில் மலைக்கு என்று தனிக் கட்டணமும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள்.

டோலுக்கு ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். மதுரையிலிருந்து திருமங்கலம் வரும்போதே கப்பலூர் டோல் வந்துவிடும். ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை என்றால் கூடுதலாகப் பிடிப்பார்கள். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. அடிக்கடி காரில் போகிறவர்களுக்கு வருட பாஸ் இருக்கிறது (2025இல் வந்தபோது 3,000 ரூபாய்), தேசிய நெடுஞ்சாலை டோல்களில் 200 முறை கடக்கலாம்.

கையில் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளாக ஓர் ஆயிரம் ரூபாய் இருக்கட்டும். பார்க்கிங், அருவி வாசல், வனத்துறைக் கவுண்டர் எல்லா இடத்திலும் யுபிஐ நம்ப முடியாது.

7. நேரம்

காலை 5 மணிக்கு மதுரையை விட்டால்தான் மற்றதெல்லாம் ஒழுங்காக அமையும். இந்தப் பயணத்தின் கணக்கே பின்னாலிருந்து போட வேண்டியது: மாலை 4.30க்குள் மலையிலிருந்து இறங்கி செங்கோட்டை வர வேண்டும், அதற்குத் தென்மலையை 3 மணிக்கு விட வேண்டும், அதற்கு மதியம் 12க்குள் அங்கே இருக்க வேண்டும். மழை நாளில் தென்மலைக் காட்டில் 5 மணிக்கே இருட்டு கட்டிவிடும்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 75 கிலோமீட்டர். 6.45 வாக்கில் சேரலாம். ஆண்டாள் கோயில் வாசலில் அந்நேரம் கூட்டம் இருக்காது. கோயில் மதியம் நடை சாத்திவிடும், திரும்பும் வழியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பால்கோவாவை மட்டும் திரும்பும்போது வாங்கலாம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது அது. பால்கோவா என்று பலகை வைத்த எல்லாக் கடையும் ஒரே தரம் இல்லை. அன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு, கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு நாள், இரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

காலைச் சாப்பாடு ராஜபாளையத்தில். அங்கிருந்து வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாமே சாலையை ஒட்டியே கடைவீதி இருக்கும் ஊர்கள். காலை 8 முதல் 9.30 வரை பள்ளிப் பிள்ளைகள் குடையோடும் சைக்கிளோடும் சாலையில் இருப்பார்கள். 30, 40க்கு மேல் போகாதீர்கள், தேங்கிய தண்ணீரை அவர்கள் மேல் அடிக்காமல் போங்கள். மழை வலுத்தால் புளியங்குடியில் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் அது.

தென்காசிக்கு 10 மணி. காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் சீசனில் அடிக்கும் காற்றை அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும், ஆளைத் தள்ளும். வேட்டி, புடவையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். சின்னக் குழந்தைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். அரை மணி நேரம் போதும். பெட்ரோல், ஏடிஎம், மருந்து, கழிப்பறை எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

8. புளியரையிலிருந்து தென்மலை வரை

செங்கோட்டை தாண்டினால் புளியரை சோதனைச் சாவடி. காரை ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள், கேட்டால் காகிதங்களைக் காட்டுங்கள், அவ்வளவுதான். அங்கிருந்து ஏறும் சாலையில் எஸ் வளைவு என்று சொல்லும் இடம் வரும். ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்குப் போவது இந்த வழியில்தான். ஒரு லாரி பழுதாகி நின்றால் இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் நிற்கும். செங்கோட்டை டீக்கடையிலோ எதிரே வரும் டிரைவரிடமோ "மேலே ரோடு எப்படிண்ணே இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். கூகுள் மேப் சிவப்புக் கோடு காட்டுவதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைப்பதும் செங்கோட்டைக்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

ஓட்டும் முறை: ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். ஹெட்லைட்டை லோ பீமில் போடுங்கள். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் போடாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். வளைவில் லாரியை முந்தாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். சரிவில் புதிதாக மண் சிந்தியிருந்தாலோ, சாலையில் சின்னக் கற்கள் உருண்டு கிடந்தாலோ அந்த இடத்தில் நிற்கவே கூடாது. போட்டோ எடுக்க ஆசையாக இருக்கும் இடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆரியங்காவில் பாலருவிக்கான வனத்துறைக் கவுண்டர் சாலையோரமே இருக்கிறது. காரை அங்கே விட்டுவிட்டு வனத்துறை வண்டியில் நான்கு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். தண்ணீர் அதிகமானால் மூடிவிடுவார்கள். கவுண்டரில் கேட்டு, திறந்திருந்தால் மட்டும் இறங்குங்கள். போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்கு நேரம் கொடுத்தால் தென்மலையில் ஒன்றைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே பதிமூன்று கண் ரயில் பாலம். 1904இல் கட்டியது. மழையில் கல் எல்லாம் கறுத்து, பாசியோடு நிற்கும். வண்டியைத் தள்ளி, அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். மேலே தண்டவாளத்தில் ஏறாதீர்கள். அது குற்றம் மட்டுமல்ல, ரயில் ஓடுகிற பாதை.

தென்மலையில் மட்டை அரிசிச் சோறும் மீன் குழம்பும் கிடைக்கும். கல்லடை ஆற்றின் மேல் இருக்கும் அணையைப் பார்க்கலாம். நன்றாக மழை பெய்கிற அன்றைக்குத் தொங்குபாலம், மான் பூங்கா என்று டிக்கெட் எடுத்து அலைவதைவிட, சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். 21 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புனலூருக்கும் போய்விட்டு வரலாமே என்று யாராவது ஒருவர் சொல்வார். 1 மணிக்கு முன் சொன்னால் யோசிக்கலாம். அதற்குப் பிறகு வேண்டாம்.

9. மலை மூடியிருந்தால், அருவி மூடியிருந்தால்

இது பாதிப் பயணங்களில் நடக்கும் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். குற்றாலத்துக்காக மட்டும் வந்தவர்கள்தான் தடை என்றதும் வாடிப்போவார்கள். செங்கோட்டையைச் சுற்றியே ஒரு நாளுக்குப் போதுமான இடங்கள் உண்டு.

பண்பொழி திருமலைக்கோயில், மலை மேல் கார் போகும், மேகம் கூடவே வரும். இலஞ்சி குமரன் கோயில், சுற்றிலும் வயல். செங்கோட்டைக்கு மேலே குண்டாறு அணை, 36 அடிதான் ஆழம், மாவட்டத்தில் முதலில் நிரம்புவது இதுதான். ஜூலை கடைசி, ஆகஸ்டில் போனால் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள். வரப்பில் நின்று பாருங்கள், செடிகளுக்குள் இறங்கிப் படமெடுக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் வருட வெள்ளாமை அது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். கூட்டமாகத்தான் இருக்கும், ஏழு மணிக்குள் போனால் இடம் கிடைக்கும்.

குற்றாலம் திறந்திருந்தால் சோப்பு, ஷாம்பு எடுத்துப் போகாதீர்கள், தடை உண்டு. மோதிரம், சங்கிலி, கார் சாவி இவற்றோடு ஒருவர் கரையிலேயே நிற்க வேண்டும். ரிமோட் சாவி நனைந்தால் அன்றைய பயணம் அத்தோடு முடிந்துவிடும்.

10. சாலையில் தண்ணீர் ஓடினால், வண்டி நின்றால்

ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சின்னக் கார் மிதந்து நகர ஆரம்பிக்கும். இரண்டு அடி என்றால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால், முன்னால் ஒரு பஸ் கடந்து போயிருந்தாலும் நீங்கள் கடக்காதீர்கள். பஸ்ஸின் உயரமும் எடையும் வேறு. ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரிலும் இறங்காதீர்கள், ஆழம் வெளியே தெரியாது.

தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு முறைகூட வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு ஸ்டார்ட்தான் உள்ளே எல்லாவற்றையும் வளைத்துவிடும். இன்சூரன்ஸ் நிறுவனமும் அதைக் காரணமாகச் சொல்லிப் பணம் தர மறுக்கலாம். ஆட்களை இறக்கி மேட்டில் நிற்க வையுங்கள், போட்டோ எடுங்கள், தள்ளிக் கொண்டுவந்து கரையில் விடுங்கள், சாலையோர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. காட்டுக்குள் உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நெட்வொர்க் கிடைத்தால் 112 போகும்.

11. திரும்பி வந்த பிறகு

வாடகை வண்டி என்றால் கழுவிய பிறகு மறுபடி ஒரு வீடியோ எடுத்துவிட்டு ஒப்படையுங்கள். சேறோடு கொடுத்தால் கீறல் உங்களுடையதா இல்லையா என்ற பேச்சு வரும். சொந்தக் கார் என்றால் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். மிதியடிகளை வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிரேக்கில் கிரீச்சென்ற சத்தம் முதல் சில கிலோமீட்டரில் போய்விட்டால் பயமில்லை, தொடர்ந்தால் காட்டுங்கள்.

அடுத்த சில வாரங்களில் அபராதச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், உண்மையான அபராதம் என்றால் அதில் இருக்கும். எம்பரிவாகன் என்ற பெயரில் ஏபிகே கோப்பை, அதாவது தொட்டால் போனில் செயலியாக ஏறிக்கொள்ளும் கோப்பை, வாட்ஸாப்பில் அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கூட்டம் ஒன்று இருக்கிறது. வெளிமாநிலம் போய்வந்த கையோடு அப்படி ஒரு செய்தி வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டில் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, அவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.